குரல் தணிப்பான்

மதுரையில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. இந்த ஒரு வரியிலேயே, கதை வருங்காலத்தில் நடக்கிறது என்று மதுரைக்காரர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். மற்றபடி ஊர் அப்படியேதான் இருந்தது. அதே வெயில், அதே ஹாரன் சத்தம். மாடக்குளம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், சங்கரேஸ்வரி என்கிற கணக்கு டீச்சர் தன் பதினாறு வயது மகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, டீச்சர் சமையலறைச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"சாப்பிட வாடா கண்ணு. ஆறிப்போகும்."

பெற்ற மகளைக் கூப்பிட எதற்குச் சுவரைப் பார்க்க வேண்டும்? அதைச் சொல்லத்தான் போன வருடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

போன வருடம் மகள் இளவேனிலுக்குத் தூக்கம் போய்விட்டது. மார்க் சரிந்தது. பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாள். மின்விசிறி ஓடும்போது அதற்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்வதுபோல இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, "நிசமா சொல்ல மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்மா, ஆனா கேக்குதுல்ல," என்று அழுதாள். அவளைத் தனியார் மனநல மையம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் ஜெயசீலி பொறுமையானவர். கெட்ட செய்தியைக்கூடச் சாந்தமாகச் சொல்லத் தெரிந்தவர்.

"இது நோய் இல்லை டீச்சர். நோய் வரலாம்ங்கிற அறிகுறி. மேகம் கூடியிருக்கு, அவ்வளவுதான். பெய்யணும்னு கட்டாயமில்லை. இந்த நிலையில இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல தப்பிச்சுக்கிறாங்க."

"என்னாலயா டாக்டர்? நான் ரொம்பத் திட்டுவேன்."

"வீட்டுப் பேச்சு நோயை உண்டாக்காது. யாரையும் குத்தம் சொல்லாதீங்க, உங்களையும் சேர்த்து. ஆனா நோய் வாசல்ல வந்து நிக்கும்போது, வீட்டுல ஓயாம குறை சொல்றது, எரிச்சல்படுறது, அளவுக்கு மீறி அழுது ஒட்டிக்கிறது, இதெல்லாம் கதவைத் திறந்து விட்டுரும். பேச்சு தணிஞ்ச வீட்டுல பிள்ளைங்க தேறி வர்றதைப் பார்க்கிறோம்."

"தணிக்கிறது எப்படி? எனக்கு வாய் அடங்காதே," என்றார் சங்கரேஸ்வரியின் கணவர் குருசாமி. இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் மேனேஜர். தன்னைப் பற்றி அவர் சொன்ன உண்மைகளில் இது ஒன்று.

டாக்டர் ஒரு சிறு டப்பாவைத் திறந்து காட்டினார். அரிசி மணி அளவில் ஒரு கருவி இருந்தது. அதோடு தோல் நிறத்தில் ஒரு வட்டம். அரிசி காதுக்குள், வட்டம் காதுக்குப் பின்னால். பெயர் குரல் தணிப்பான். வீட்டார் குரல்களை அது முதலில் படித்துக்கொள்ளும். பிறகு அப்பாவோ அம்மாவோ பேசும்போது அந்தச் சத்தத்தை உள்ளே விடாமல் தடுத்து, அதே குரலில், கண் சிமிட்டும் நேரத்துக்குள், சூடு இல்லாத வாக்கியமாக மாற்றிப் பிள்ளையின் காதில் பேசும். வெளியாட்கள் பேச்சைத் தொடாது.

"இது பொய் இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

"கண்ணு கூசுதுன்னா கறுப்புக் கண்ணாடி போடுறோம். அது பொய்யா? ஒரு விஷயம் மட்டும் ரொம்ப முக்கியம். பிள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, ஒவ்வொரு நல்ல வார்த்தைக்குப் பின்னாடியும் என்ன சொன்னாங்களோன்னு தேட ஆரம்பிச்சுடும். அதுவே நோயைக் கூட்டிட்டு வந்துரும். கோபமா பேசும்போது முகத்தைத் திருப்பிக்கங்க. உதடும் சத்தமும் ஒத்துப்போகாது."

சங்கரேஸ்வரி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், முத்துராமன். அவள் பள்ளியில் படித்த காலத்தில் அந்த வீட்டில் விடிந்தால் அப்பாவின் கத்தல்தான். அண்ணன் முதலில் பதில் சொல்வதை நிறுத்தினான். பிறகு இல்லாத யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்தான். ஒரு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றுக்குள் இறங்கிப் போனவன் வீடு திரும்பவில்லை. அப்பாவின் தொண்டைதான் தனக்கும் வாய்த்திருக்கிறது என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம். பள்ளியில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே மைக் டீச்சர். அண்ணனைப் போல் மகளையும் தொலைத்துவிடுவோமோ என்றுதான் அவள் சம்மதித்தாள்.

தலைவலிக்கான கருவி, சத்தம் குத்தாமல் பார்த்துக்கொள்ளும் என்று மகளிடம் சொன்னார்கள். வீட்டில் அரிசி, வட்டம் இரண்டுக்கும் சேர்த்துப் பொட்டு என்று பெயர் விழுந்தது. பொட்டைக் கழற்ற ஒரு காந்த ஊசி வேண்டும். அதை சங்கரேஸ்வரி தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு ஊக்காகக் கோத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவள் பொட்டைக் கழற்றித் துடைத்து மாட்டி முடிக்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டால் காது கெட்டுவிடும் என்று மகளிடம் ஒரு காரணமும் சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னும் சில பொய்கள் வேண்டியிருந்தன.

ஆனால் பலன் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. இளவேனில் தூங்கினாள். மின்விசிறி வெறும் மின்விசிறியானது. பிளஸ் ஒன் பரீட்சையை முழுதாக எழுதினாள். வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அந்த மாதங்களில் குருசாமியும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். காரணம் வேறு.

அவர் பொட்டை ஒரு வசதியாகக் கண்டுகொண்டார். முகத்தைத் திருப்பக்கூட இல்லை. உதடு அதிகம் அசையாமல், சிரித்த முகமாகவே பேசப் பழகிவிட்டார். காலையில் ஷூவுக்கு பாலிஷ் போட்டபடி, புன்னகையோடு, "தண்டச்சோறு. உன்னைப் பெத்ததுக்கு ரெண்டு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்," என்பார். மகளின் காதில், "மெதுவாப் படி தங்கம், அவசரமில்லை," என்று விழும். அவளும் சிரித்தபடி, "சரிப்பா," என்பாள்.

"ஏங்க இப்படிப் பேசுறீங்க? வாய் கூசலையா?" என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

"அவளுக்குக் கேக்கவா போகுது? நாள் பூரா கஸ்டமர்கிட்ட பல்லைக் காட்டிட்டு வர்றேன். எனக்கும் எங்கயாவது எறக்கி வைக்கணும்ல."

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை திட்டியவர், இப்போது வேளைக்கு ஒரு தடவை திட்டினார். பிள்ளை அத்தனைக்கும் சிரித்தாள். அதைப் பார்த்துச் சகிக்க முடியாமல்தான் சங்கரேஸ்வரி தன் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள். திட்டினால் ஆபத்து, அழுதாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னது அவள் மண்டையில் ஆணியடித்ததுபோல் இருந்தது. கோபம் வந்தால் சுவரைப் பார்த்தாள். அழுகை வந்தாலும் சுவரைப் பார்த்தாள். நாளாக ஆக, எதுவும் வராமலே சுவரைப் பார்த்தாள். பள்ளியிலும் மைக் அணைந்துபோனது. கடைசி பெஞ்சுக்காரர்கள் அவள் வகுப்பிலேயே சீட்டாடினார்கள். டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று தலைமையாசிரியர் விசாரித்தார்.

வினை ஃபர்ஹானா வடிவத்தில் வந்தது. இளவேனிலின் வகுப்புத் தோழி. சேர்ந்து படிக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தவள், குருசாமி சாப்பிட வந்தபோது அங்கேதான் இருந்தாள். ஒரு வெளிப்பிள்ளை கூடத்தில் இருக்கிறதே என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். பழக்கதோஷம், அவர் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபர்ஹானா கேட்டாள். "ஏன்டி, உங்கப்பா உன்னை அவ்வளவு கேவலமா பேசுறாரு. நீ ஈன்னு பல்லைக் காட்டிட்டு 'சரிப்பா'ங்கிற. எனக்கே அழுகை வந்துருச்சு."

இளவேனில் நம்பவில்லை. ஆனாலும் கெட்டிக்காரப் பெண். போனை மேசைக்கடியில் வைத்து அப்பா பேச்சைப் பதிவு செய்தாள். தனக்குப் போட்டுக் கேட்டாள், தேனாக இருந்தது. ஃபர்ஹானாவிடம் கொடுத்தாள். அவள் இரண்டு வரி கேட்டுவிட்டுப் போனை நிறுத்தினாள். போனில் வந்தாலும் நேரில் வந்தாலும் வீட்டார் குரல் என்றால் பொட்டு விடாது. அது இளவேனிலுக்குத் தெரியாதே. ஒரே போன், ஒரே பதிவு, எனக்கு ஒன்று சொல்கிறது, மற்றவர்களுக்கு வேறு சொல்கிறது. பதினாறு வயதில் இதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு யாரால் பரீட்சைக்குப் படிக்க முடியும்?

அவள் அம்மாவிடம்தான் வந்தாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"அம்மா, இந்தப் பொட்டு நிசமாவே தலைவலிக்குத்தானா?"

"ஆமாடா கண்ணு. தலைவலிக்குத்தான்."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

"தலைவலிக்குத்தான்டா." சங்கரேஸ்வரி கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அந்தப் பிள்ளை அம்மா சொன்னதை அப்படியே நம்பியது. அதனால் பொட்டின் மேல் சந்தேகம் விழவில்லை. வீட்டு ஆட்கள் மேல் விழுந்தது.

அதிலிருந்து பதினைந்து நாளைக்குள் எல்லாம் தலைகீழானது. இளவேனில் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினாள். அறைக்கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தாள். அம்மா பக்கத்தில் வந்தால் ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் எழுந்து நின்றாள். ஒரு நாள் காலையில் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா பேசுறதை விடுங்க. அப்பா எப்பவும் அப்படித்தான் இருந்திருப்பாருன்னு நினைக்கிறேன். நீங்க யாரு?"

"வேனி, என்னடா பேசுற. அம்மாடா."

"எங்கம்மா இப்படிப் பேசமாட்டா. சாப்பிடலைன்னா தட்டை நங்குன்னு வைப்பா. நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிறீங்க, நான் குறை சொல்லலை. எங்கம்மாவை எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

வழக்கமாகக் கூப்பிடும் தேதியில் மையத்துக்குப் போனபோது, இதையெல்லாம் இளவேனில் டாக்டரிடமும் சொல்லிவிட்டாள். போன் எனக்கு ஒன்றும் பிறருக்கு ஒன்றும் பேசுகிறது. அம்மாவை மாற்றிவிட்டார்கள். மூன்று டாக்டர்கள் கூடி வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக ஏற்பாடாயிற்று. நோய் வந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் உள்ளே சேர்க்க வேண்டும். கனமான மருந்துகள். மாதக்கணக்கில் வீட்டார் யாரும் பார்க்க முடியாது. படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

புதன்கிழமை பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு சங்கரேஸ்வரி டாக்டர் ஜெயசீலியின் அறையில் போய் உட்கார்ந்தாள்.

"அவ சொல்றது உண்மை டாக்டர். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன் ரெண்டு மாதிரி பேசுறது உண்மை. அம்மா குரல் மாறிப்போனதும் உண்மை. உண்மையைச் சொல்ற பிள்ளையை எப்படி உள்ள தள்ளுவீங்க?"

"உண்மையைச் சொல்றவங்களுக்கும் நோய் வரலாம் டீச்சர்," என்றார் டாக்டர். அவரும் தூங்கியதுபோல் தெரியவில்லை. "சாப்பிடலை, தூங்கலை, கதவுக்கு முட்டுக்கொடுத்துப் படுக்குது. அதுவும் உண்மைதானே. போன் விஷயத்தை மத்த ரெண்டு பேருக்கும் நான் விளக்கிருவேன். அதை நோய்க் கணக்குல சேர்க்கமாட்டோம். எனக்குக் கவலை மத்தது. அம்மா வேற ஆளுன்னு சொல்றாளே, அது."

"அதுவும் பொட்டு செஞ்ச வேலைதானே. என் குரலை மாத்தி மாத்தி, அவளுக்கு நான் யாரோ ஆயிட்டேன். கழட்டிருங்க. என் குரல் காதுல விழுந்தா அவளுக்கு நான்தான்னு தெரிஞ்சுரும்."

டாக்டர் மேசையிலிருந்த கருவியைத் தட்டினார். "கேளுங்க. எல்லாத்தையும் பொட்டு பதிஞ்சு வைக்கும். முதல்ல வீட்டுல பேசினது. அடுத்தது அவ காதுல விழுந்தது."

குருசாமியின் குரல் வந்தது. சங்கரேஸ்வரிக்குப் பழகிப்போன வசவு. அடுத்து அதே குரல், தேன் தடவி, "தங்கம்," என்றது. வேறொரு நாள், வேறொரு வசவு, வேறொரு தங்கம்.

"இப்ப உங்களோடது."

ஒரு பெண் குரல், "சாப்பிட வாடா கண்ணு, ஆறிப்போகும்," என்றது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிப்பார்களே, அப்படி இருந்தது. அடுத்து அதே பெண் அதே வாக்கியத்தை அப்படியே சொன்னாள். இன்னொரு நாள். "குடை எடுத்துக்கோடா கண்ணு." மறுபடியும் அதுவே.

"இது பொட்டு பேசுறது. நான் பேசினது எங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். உங்க பேச்சுல மாத்துறதுக்கு எதுவுமே இல்லை. உங்க குரலை அது தொட்டுப் பல மாசமாச்சு. எங்ககிட்ட இருக்கிற வீடுகள்லயே நல்லாத் தணிஞ்ச குரல் உங்களோடதுன்னு நானே மத்த அம்மாக்களுக்கு உதாரணம் சொல்லியிருக்கேன்."

சங்கரேஸ்வரிக்கு அந்தப் பெண்ணின் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"நான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிரப்போறேன்."

"சொல்லாதீங்க. இத்தனை நாள் எல்லாரும் சேர்ந்து ஏமாத்தினாங்கன்னு அவளே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கா. ஆமான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அடுத்து எங்க சந்தேகத்தை நிறுத்துவா?"

"நிறுத்துவா. அம்மா சொன்னா நிறுத்துவா," என்றாள் சங்கரேஸ்வரி. அதையும் அந்தக் குரலில்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை மையத்தின் தோட்டத்தில் ஒரு புங்கை மரத்தடி பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள். குருசாமிக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா என்று விசாரிக்க சங்கரேஸ்வரிக்குத் தெம்பில்லை. இளவேனில் பெஞ்சின் அந்தக் கோடியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

சங்கரேஸ்வரி தாலிச் சங்கிலியிலிருந்து காந்த ஊசியைக் கழற்றினாள். ஒன்றும் பேசாமல் நகர்ந்து போய், மகளின் முகத்தைப் பிடித்து, பொட்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி இளவேனில் வாயை மூடி, அசையாமல் காதைக் காட்டினாள்.

பிறகு சங்கரேஸ்வரி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அரிசி மணி என்ன செய்யும், அப்பா ஏன் சிரித்தபடி பேசுவார், தான் ஏன் சுவரைப் பார்ப்பாள், போன் ஏன் இரண்டு விதமாகப் பேசியது. முத்துராமன் மாமாவைப் பற்றியும் சொன்னாள். மாமா வெளிநாட்டில் இருப்பதாகத்தான் அதுவரை மகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தலைவலிக்குத்தான் என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னதையும் சொன்னாள்.

இளவேனில் முதலில் அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடும் சத்தமும் ஒத்துப்போயின.

"அப்ப ஃபர்ஹானா சொன்னது நிசம்."

"நிசம்டா."

"போன்ல வந்தது நிசம். எனக்கு ஒண்ணும் ஆகலை. நான் மாமா மாதிரி ஆகலை."

"இல்லடா."

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அவளாகத் தொடுகிறாள். தப்பித்துவிட்டோம் என்று சங்கரேஸ்வரி ஒரு கணம் முழுதாக நம்பினாள்.

"அப்ப என்னைத் திட்டு," என்றாள் இளவேனில். "எவ்வளவு நாளாச்சு. நான் சாப்பிடவே இல்லைல்ல, அதுக்குத் திட்டு. நல்லாத் திட்டும்மா."

சங்கரேஸ்வரி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. சாப்பிடாமல் கிடந்தது, பயமுறுத்தியது, நீங்க யாரு என்று கேட்டு உயிரை எடுத்தது. எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்து முட்டின.

"ஏன்டி எருமை, சாப்பிடாம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்டி," என்றாள்.

வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. அது அவள் காதிலேயே விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் அப்படியே வந்தது. கத்தப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

இளவேனிலின் பிடி தளர்ந்தது. அம்மாவின் உள்ளங்கையில் இருந்த பொட்டைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை, கோபப்படவில்லை. ஒரு கணக்கு விடை வந்துவிட்டதுபோல் அவள் நெற்றி தெளிந்தது. மெல்லக் கையை நீட்டி, அம்மாவின் காதுக்குப் பின்னால் விரலால் தடவினாள். பிறகு அடுத்த காது. காது மடலை மடித்துப் பார்த்தாள்.

"உனக்குப் பொட்டை எங்க வச்சிருக்காங்கம்மா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "பயப்படாத. நான் எடுத்து விடுறேன்."

"எனக்கு ஒண்ணும் வைக்கலைடா கண்ணு."

"அது அப்படித்தான் சொல்லும். உனக்கே தெரியாம வச்சிருப்பாங்க."

வராந்தாவிலிருந்து நர்ஸ் இளவேனிலின் பெயரைக் கூப்பிட்டாள். மூன்று டாக்டர்களும் வந்தாகிவிட்டது என்றாள். இளவேனில் திரும்பவில்லை. பிடரிக்கு மேலே, கொண்டைக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் என்று சங்கரேஸ்வரி நர்ஸுக்குக் கை காட்டினாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டாள். முடியை அவிழ்த்து விட்டு, மகளுக்குத் தேட வாகாகத் தலையைக் குனிந்துகொடுத்தாள்.